நாலு பத்துக்கு நீளும் தட்டு

திருப்புளி அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. நாத்தனாரிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் திருப்புளிதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். எறும்பு ஒன்று மூக்குத்தி கேட்டு வந்தால், அதற்குத் திருகாணி முடுக்கிவிட்டு "வலிக்குதா?" என்று கேட்டு அனுப்பக்கூடிய விரல்கள்.

அந்தக் கடையில் ரசீது போடும் கணினி ஒருநாள் மூச்சை விட்டது. முதலாளி அதைக் குப்பைக்குத் தூக்கச் சொன்னார். அக்கா கண்ணாடித் திருப்புளியாலேயே அதன் முதுகைத் திறந்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டிக்குப் போர்த்துகிற அளவுக்குத் தூசி. அதைத் துடைத்து, ஆடிக்கொண்டிருந்த மெமரிப் பட்டையைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள். கணினி ஒரு விக்கல் விக்கி எழுந்து உட்கார்ந்தது. கூடவே அக்காவுக்கும் பைத்தியம் பிடித்தது.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் கணினி எதுவும் நிம்மதியாகச் சாக முடியவில்லை. தெருவோரம் போட்டது, வெள்ளத்தில் முங்கியது, கரப்பான் பூச்சிகள் ஏழு தலைமுறை குடித்தனம் நடத்தியது எல்லாம் அவள் பால்கனிக்கு வந்து சேர்ந்தன. ஒன்றின் மின்விசிறிக்குள் பல்லி முட்டை இருந்ததால் அது பொரியும்வரை பதினெட்டு நாள் காத்திருந்து, பிறகுதான் பழுது பார்த்தாள் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். எல்லாவற்றிலும் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போடுவாள். காசு கிடையாது, கனமும் கிடையாது, கிழட்டு இயந்திரத்திலும் முனகாமல் ஓடும்.

"அது என்ன லினக்ஸு லினக்ஸுன்னு?" என்று அவள் கணவர் கேட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தானே மேலே போய்க் கீழே வருகிற எதையும் சந்தேகப்படுவார்.

"சொன்னதச் செய்யும். சொல்லாததச் செய்யாது. தப்பாச் சொன்னா தப்பாவே செய்யும்."

"அப்ப என்னைய மாதிரின்னு சொல்லு."

"நீங்க சொன்னதையே செய்யறதில்லையே."

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வாழ்க்கையில்தான், கணவரின் தம்பிக்கு மாரடைப்பு வந்தது.

கொழுந்தனாருக்கு வீட்டில் மைக் என்று பெயர். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்புச் சொன்னவர். அவர் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த வீட்டிலிருந்தும் உப்பு வரும். மாரடைப்புக்குப் பிறகு வேலையை விட்டார். காது மந்தமாகியிருந்தது, ஞாபகமும் கூடவே கிளம்பிப் போயிருந்தது. தினமும் மாலை நாலு பத்துக்கு ஒரு மாத்திரை. அவர் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள். காலை ஆறுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள், அப்போது ஞாயிறுகூட விடுமுறை கிடையாது. போனில் கூப்பிட்டால் மைக்குக்குக் கேட்காது. சீட்டு எழுதி வைத்தால் சீட்டைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கா" என்று மடித்து வைத்துவிடுவார்.

"அண்ணி, உங்க மிஷின் ஒண்ணு எனக்கு மருந்து கொடுக்காதா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

அண்ணி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்கனியிலிருந்து ஒரு பழைய கணினியைத் தேர்ந்தாள். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, பெட்டி மட்டும். அதன் சிடி டிரைவில் வட்டைச் சுழற்றும் மோட்டாரைக் கழற்றிப் போட்டாள். நாலு பத்துக்குக் கணினி தானே விழிக்கும்படியும், விழித்ததும் சிடித் தட்டு வெளியே நீளும்படியும் லினக்ஸில் இரண்டு வரி எழுதினாள். பெட்டியை மைக்கின் நாற்காலிக்கு ஒட்டினாற்போல் வைத்தாள். தட்டு நீண்டால் நேரே அவர் முழங்காலில் வந்து இடிக்கும். காது கேட்காவிட்டால் என்ன, முழங்காலுக்குக் கேட்டாக வேண்டும்.

காலையில் வேலைக்குப் போகுமுன் ஓரகத்தி, டிரைவின் முகத்திலிருக்கும் ஊசித்துளையில் கம்பியை விட்டுத் தட்டை இழுப்பாள். மாத்திரையை அதில் வைத்து, கையால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். முதல் வாரமே மைக் எழுந்த வேகத்தில் தட்டு முறிந்தது. அக்கா வேறு டிரைவ் மாட்டி, மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தாள்: பத்து நிமிடம் கழித்துத் தட்டு தானாக உள்ளே போய்விட வேண்டும். அந்த வரியை எழுதியதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

பல மாதம் அது பிசகாமல் நடந்தது. நாலு பத்தானால் தட்டு முழங்காலை இடிக்கும். மைக் பேருந்து நிலையக் குரலில், "மாத்திரை நாலாவது நடைமேடைக்கு வந்து சேர்ந்தது" என்று தெருவுக்கே அறிவிப்பார். எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் பால் வைப்பாராம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தப் பெட்டியைத் திறந்தாள். அதற்கு எந்த நோயும் இல்லை. லினக்ஸில் புதுப் பதிப்பு வந்திருந்தது, அவளுக்குக் கை அரித்தது, அவ்வளவுதான். புதுப் பதிப்பை ஏற்றினாள். மதர்போர்டில் இருந்த பொத்தான் பேட்டரி பழசாக இருந்ததால் அதையும் மாற்றினாள். பேட்டரி மாற்றினால் உள்ளிருக்கும் கடிகாரம் மறந்துபோகும். கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்து மூடினாள். மைக் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரையை இரண்டு முறை போட்டிருந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து ஓரகத்தி வீட்டுக்கு வந்தபோது மைக் நாற்காலியில் இருந்தார். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். தொட்டதும் தெரிந்துவிட்டது.

"மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிட்டாரா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒருநாள் தவறல டாக்டர். மிஷினே எடுத்துக் கொடுக்கும். தினம் காலைல பார்ப்பேன், தட்டு காலியாத்தான் இருக்கும். அக்கா செஞ்சு கொடுத்தது" என்று ஓரகத்தி திருப்புளி அக்காவைக் காட்டினாள். அத்தனை துக்கத்திலும் அக்காவுக்கு உள்ளே ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து அவள் பிற்பாடு பட்டது கொஞ்சமல்ல.

மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் தொடாமல் பெட்டி உறுமியது. தட்டு நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் நின்றது. பெரியம்மா ஒருத்தி இரண்டு நாற்காலிகளைத் தாண்டி வாசலுக்கு வந்துதான் மூச்சு விட்டாள். முட்டி வலிக்காரி, அதுவரை கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை. பத்து நிமிடம் கழித்துத் தட்டு உள்ளே போயிற்று.

ஓரகத்தி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"உசுரோட இருந்தப்ப பத்தரை மணிக்கு மேல ஒருநாள் வீட்ல இருந்தாரா? செஸ் ஆட ஓடிருவாரு. இப்பத்தான் வீடு தங்கறாரு" என்றாளாம்.

இதை அக்காவின் கணவர் அன்று மாலை கடைக்கே வந்து சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம் அவருக்கு. அக்கா அப்போது ஒரு கண்ணாடியைச் சட்டத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பத்து நாப்பதுக்கு. நான்தான் அங்கயே இருந்தனே."

கண்ணாடி கையிலேயே விண்டது. இருபத்தாறு வருடத்தில் அவள் உடைத்த முதல் கண்ணாடி.

அவளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது மணி என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் மணிக்கு அது கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளும். அக்காவோ கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளூர் மணியையே வைத்துவிட்டாள். இயந்திரம் சொன்னதை நம்பி ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடியது. நாலு பத்து என்று நினைத்துப் பத்து நாற்பதுக்கே தட்டை நீட்டியது. லினக்ஸில் கைவைத்த பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒருமுறையாவது செய்கிற தப்பு. மற்றவர்களுக்கு அதனால் ஒரு கடிதத்தில் தேதி மாறும், சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

பத்து நாற்பதுக்கு மைக் வீட்டில் இருக்க மாட்டார். தட்டு காலி நாற்காலிக்கு நீட்டியிருக்கும், பத்து நிமிடத்தில் போயிருக்கும். நாலு பத்துக்கு யாரும் முழங்காலை இடிக்கவில்லை என்பதை அவர் எங்கே நினைவு வைத்திருக்கப் போகிறார். பன்னிரண்டு நாள்.

ஆனால் ஓரகத்தி தினமும் காலையில் தட்டு காலி என்றாளே. அவர் சாப்பிடவில்லையென்றால் மாத்திரை அங்கேயே கிடந்திருக்க வேண்டுமே. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அக்கா தொங்கினாள். ஒருவேளை அன்று அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். பன்னிரண்டு நாளும் செஸ் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஓரகத்தி அவளை உட்காரவைத்து, "இருங்கக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள், விருந்தாளி வருவதுபோல. பத்து நாற்பதுக்குப் பெட்டி உறுமியது. தட்டு வந்தது. அதன் நடுவே வெள்ளையாக ஒரு மாத்திரை.

"இன்னும் வெக்கிறியா?"

"வெக்காம? காலைல வெச்சிருவேன். நாளைக்குப் பாருங்க, இருக்காது. சாப்பிடறாரு அக்கா."

அக்காவின் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போர்த்தியதுபோல இருந்தது. "நீ எடுத்துத் தூரப் போடறியா?"

"நான் ஏன் எடுக்கப் போறேன்? அவருக்கு வெச்சது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரியாப் பாக்கறாரு. யாருக்கும்மா இன்னும் வாங்கறேங்கறாரு. வீட்டுக்காரருக்குன்னேன்."

தட்டு உள்ளே போனது. போகும்போது மோட்டார் வெடுக்கென்று இழுத்ததை அக்கா பார்த்தாள். ஓரகத்தி கையால் தள்ளுவது மெதுவாக. மோட்டார் இழுப்பது வேகமாக. அந்த உதறலில் மாத்திரை பின்பக்கம் வழுக்கி, தட்டின் பிளவு வழியாக டிரைவின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். அதற்குப் பேய் வேண்டாம். மூன்றாவதாக எழுதிய அந்தப் பெருமைக்குரிய வரி போதும்.

அப்படியானால் காலித் தட்டுக்கு அர்த்தமே இல்லை. யாரும் எடுக்காத மாத்திரையும் காணாமல்தான் போகும். பிடித்திருந்த நூல் அறுந்தது.

டிரைவைத் திறந்து எண்ணிவிட்டால் தெரிந்துவிடும். மைக் போன பிறகு ஓரகத்தி வைத்தவை மட்டும் உள்ளே இருந்தால், அந்தப் பன்னிரண்டையும் அவர் எப்படியோ சாப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டு கூடுதலாக இருந்தால் அது அக்காவின் கைக்கடிகாரம் செய்த வேலை. கணக்கு அவ்வளவு எளிது. எளிதாக இருந்ததால்தான் அவள் திறக்கவில்லை.

திறக்காத அந்த வாரங்களில் எல்லாமே அவளிடம் நாக்கை நீட்டின. கடையில் கல்லாப்பெட்டி திறந்தால் திடுக்கிட்டாள். கண் பரிசோதனை அறையின் இழுப்பறை, அண்டை வீட்டுத் தபால் பெட்டி, கணவர் பழுதுபார்த்த லிஃப்டின் கதவு, எது திறந்தாலும் உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை இருக்கிறதா என்று கண் போனது. பத்து நாற்பதுக்குக் கடைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். பார்க்காமலே மணி தெரிந்தது. பால்கனியில் இருந்த கணினிகளின் மின்கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டாள்.

"என்னாச்சு உனக்கு? பிணவறையப் பூட்டிட்டியா?" என்றார் கணவர்.

"கை வலிக்குதுங்க."

அவர் அந்த வாரம் முழுக்கத் தானே பாத்திரம் கழுவினார்.

ஒரு சனிக்கிழமை ஓரகத்தியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, தட்டு பாதி வந்து திக்குது. வர மாட்டேங்குது. அவருக்கு என்னமோ ஆயிருச்சு. வந்து பாருங்க."

டிரைவின் வயிறு நிறைந்துவிட்டது. இனி திறந்தாக வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து டிரைவைக் கவிழ்த்தாள். நாலு திருகாணி. இருபத்தாறு வருடத்தில் லட்சம் திருகாணி கழற்றியவளுக்கு அந்த நாலும் பிடி கொடுக்கவில்லை. மூடியைத் தூக்கியதும் மாத்திரைகள் துணியில் கொட்டின. மாவும் கொட்டியது.

ஓரகத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்ப அவரு சாப்பிடல" என்றாள்.

"இல்லம்மா."

"நான் வெச்சதெல்லாம் இதா?"

"அவரு போன பெறகு நீ எத்தனை வெச்சே?"

ஓரகத்தி எழுந்துபோய்க் காலி அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் எதையும் எறிகிறவள் அல்ல. "மூணு அட்டை முழுசா. நாலாவதுல ஒண்ணு. முப்பத்தொண்ணு."

அக்கா எண்ணத் தொடங்கினாள். கண்ணாடிக் கடை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். முப்பத்தொன்று வந்தது. துணியில் இன்னும் இருந்தன. அவள் நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு முழு மாத்திரை. உடைந்த பாதிகளை விளிம்பு பார்த்து ஜோடி சேர்த்தாள், இடது கண்ணாடிக்கு வலது கண்ணாடி தேடுவதுபோல. நாலு ஜோடி சேர்ந்தது. நாற்பத்திரண்டு. பல்சக்கரத்துக்கு அடியில் நசுங்கி ஒட்டியிருந்த வில்லை ஒன்றை நகத்தால் நெம்பினாள்.

நாற்பத்து மூன்று.

ஓரகத்தி சலவைக்கூடத்தில் நாளைக்கு நானூறு படுக்கைவிரிப்பு எண்ணுகிறவள். அவளுக்கு யாரும் கழித்தல் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பன்னெண்டு கூட இருக்கே அக்கா."

"ஆமா."

"இது எப்போ உள்ளது?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அவர் தூங்கிப்போயிருப்பார் என்று சொல்லியிருக்கலாம். மறதிக்காரர் என்று சொல்லியிருக்கலாம். செத்தவர் மறுக்கப் போவதில்லை. அக்கா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"நான் வந்து பேட்டரி மாத்தினேன்ல, அன்னையிலேர்ந்து அவரு போன நாள் வரைக்கும் பன்னெண்டு நாள். நான் மணிய மாத்தி வெச்சிட்டேன். நாலு பத்துக்கு வர வேண்டியது பத்து நாப்பதுக்கு வந்திருக்கு. அவரு வீட்ல இருந்திருக்க மாட்டாரு. இதெல்லாம் அவருக்குப் போக வேண்டிய மாத்திரை."

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"அதனாலதான் போனாரா?"

"தெரியாது. டாக்டராலயும் சொல்ல முடியாது. ஆனா பன்னெண்டு நாள்."

ஓரகத்தி கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மாத்திரைகளைத் துணியோடு சேர்த்து முடிந்தாள். மாவைக்கூடச் சிந்தவில்லை. மூலைகளைச் சரிபார்த்து, தேய்த்த துணியை மடிப்பதுபோல மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"மணியச் சரி பண்ணுங்க. நாலு பத்துக்கே வரட்டும்."

"நிறுத்திடலாம்மா. பெட்டிய நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"நிறுத்தறதுக்கு நான் சொல்லல. நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போறேன். காலைல மாத்திரை வெச்சிட்டுப் போவேன். அது தானா உள்ள போவுதே, அதை எடுத்திருங்க. வெளியவே நிக்கட்டும்." அக்காவின் முகத்தை முதல்முறையாக நேரே பார்த்தாள். "நீங்க வந்து எடுங்க. எடுத்துட்டு நீங்களே தள்ளிவிடுங்க. தினம்."

"எத்தனை நாளைக்கு?"

"அத நான் இன்னும் யோசிக்கல அக்கா."

வீட்டுச் சாவியின் இன்னொரு பிரதியை மேசைமேல் வைத்தாள். அக்கா திரையும் விசைப்பலகையும் கொண்டுவந்து இணைத்து, டிரைவைத் துடைத்து மாட்டி, மணியைத் திருத்தினாள். மூன்றாவது வரியை அழித்தாள். ஓரகத்தி பின்னாலேயே நின்று, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், அந்த வரி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து திருப்புளி அக்கா மாலை நாலு மணிக்குக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். முதலாளி முதல் வாரம் கேட்டார், அப்புறம் கேட்பதில்லை. இரண்டு தெரு நடை. பூட்டைத் திறந்து, ஆளில்லாத வீட்டுக்குள் போய், நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பாள். அதில் உட்காருவதில்லை. நாலு பத்துக்குத் தட்டு வரும். மாத்திரையை எடுத்து ஒரு கண்ணாடிச் சீசாவில் போடுவாள். தட்டைக் கையால் மெல்லத் தள்ளுவாள், பூட்டிக்கொண்டு வருவாள். ஞாயிறுகளில் இப்போது ஓரகத்திக்கு விடுமுறை, வீட்டில் இருப்பாள். அப்போதும் அவள் எழுந்து வருவதில்லை, அடுக்களையிலிருந்து, "வந்துட்டீங்களா அக்கா" என்று மட்டும் கேட்பாள். சில ஞாயிறு காபி கிடைக்கும்.

ஏழு மாதத்தில் ஒரே ஒருநாள் அவள் பிந்தினாள். கிழவர் ஒருவருக்குக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. முடுக்கி முடுக்கிப் பார்த்ததில் அரைமணி போய்விட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது மணி நாலு நாற்பது. தட்டு நீண்டு நின்றது. அதில் மாத்திரை இல்லை.

ஓரகத்தி வைக்க மறந்திருப்பாள் என்று சலவைக்கூடத்துக்குப் போன் செய்தாள். "வெச்சேனே அக்கா, ஏன்?" என்றாள் அவள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு, அக்கா தரையில் மண்டியிட்டுத் தேடினாள். நாற்காலியை நகர்த்தினாள். பாயை உதறினாள். கடைசியில் திருப்புளியை எடுத்து டிரைவையே திறந்தாள். உள்ளே துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

மூடி மாட்டினாள். தட்டைத் தள்ளினாள். அந்த நாற்காலி இருக்கையில், ஒருவர் இப்போதுதான் எழுந்துபோனால் பள்ளம் மெதுவாக மேலே எழும்புமே, அப்படி எழும்பிக்கொண்டிருந்தது என்று அவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. ஆனால் நாலு மணிக்குப் பிறகு அந்தக் கடையில் யார் எந்தக் கண்ணாடியை நீட்டினாலும், அதை அவள் இப்போதெல்லாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.